இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

ஐயா,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும். அதனால் நலம் விசாரித்து நேரத்தைப் போக்கவில்லை. நேற்று போனில், "கல்யாணத்துக்கு மொத நாள் எல்லாரும் உக்காந்து ஒரு ஆட்டம் போடுவோம்மா, உன்னோட பூசாரியப் பாக்கணும்னு அவ ஆசைப்படுறா" என்றாய். நான் மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு என்னாச்சு, கல்யாண வேலையில களைச்சுப் போச்சா?" என்று விசாரித்திருக்கிறாய். களைப்பெல்லாம் ஒன்றும் இல்லை. கோபம். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்கிற கோபம். இதை வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று முதுகைத் தடவி முடித்துவிடுவாய். அதில் நீ கெட்டிக்காரன். அதனால் எழுதுகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் படிக்கட்டும், அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கொரோனா அடைப்பில் நீ கோயம்புத்தூர் காலேஜிலிருந்து ஒரு தோள்பையோடு வந்து இறங்கியது நினைவிருக்கும். அப்பா ஃபோர்மேனாக இருக்கிற புதுப்பட்டிப் பட்டாசு கம்பெனிக்குப் பூட்டு, நான் புரூப் பார்க்கிற காலண்டர் அச்சகத்துக்கும் பூட்டு. சிவகாசியில் மனிதர்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று பேரும் ஒருவர் காலில் ஒருவர் இடித்துக்கொண்டு திரிந்தோம். அப்போதுதான் நீ பையிலிருந்து அந்தப் பகடையை எடுத்தாய். தாயக்கட்டை மாதிரி இல்லாமல் நெல்லிக்காய் போல உருண்டு, இருபது முகத்தோடு இருந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இறங்கி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும் என்று விளக்கினாய். "கூத்துல வேஷங் கட்டுற மாதிரியாலே?" என்று அப்பா கேட்டார். "ஆமாப்பா, ஆனா வசனத்த நீங்கதான் போட்டுக்கணும்" என்றாய். கேட்டதுதான் தாமதம், அவர் வாள் பிடிக்கிற வீரனை எடுத்துக்கொண்டார். கதை நடத்துகிறவன் நீ. ஆள் போதவில்லை என்று மந்திரவாதியையும் நீயே வைத்துக்கொண்டாய். மீதி இருந்தது பூசாரி.

"அடிபட்டு விழுந்தவன எழுப்ப ஒரு ஆளு வேணும்மா. ஆனா அத யாரும் விரும்பி எடுக்க மாட்டாக" என்றாய். "வீட்லயும் அதே கததான, ஆட்டத்துலயும் அதேதானாலே?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு, விட மனசு வரவில்லை. கரட்டுமேட்டம்மன் என்று ஒரு தெய்வத்தைக் கற்பனை செய்து, அவளுக்குப் பூசை செய்கிறவளாக என்னை நானே செய்துகொண்டேன். மஞ்சள் சேலை, கையில் வேப்பங்குலை, காலில் செருப்பு கிடையாது. அப்பாகூட, "ஏ புள்ள, நெசமாவே சாமி வந்துரப் போகுது" என்று கேலி செய்தார்.

நமக்குள் முதல் சண்டை வந்ததும் அந்தப் பூசாரியால்தான். உன் வெளிநாட்டு விதிப்புத்தகத்தில் மந்திரவாதிக்கும் நாளுக்கு இத்தனை மந்திரம், பூசாரிக்கும் நாளுக்கு இத்தனை வரம் என்று போட்டிருந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் என்னலே வித்தியாசம்?" என்று கேட்டேன். "அவன் படிச்சு வாங்குறான், அவ கும்பிட்டு வாங்குறா, அம்புட்டுத்தான்" என்றாய். "கும்பிட்டு வாங்குறவளுக்கு எதுக்குக் கணக்கு? அம்மன் என்ன ரேஷன் கடையா வச்சிருக்கா, இன்னைக்கு முடிஞ்சு போச்சு நாளைக்கு வான்னு சொல்ல?" என்றேன். "கேட்டதெல்லாம் கெடைச்சா மந்திரவாதி என்னத்துக்கும்மா? அவன் பேசாம வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்று நீயும் விடவில்லை. குழம்பு கொதித்துக் கீழே வழிகிற வரைக்கும் வாதாடினோம். உன் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதனால்தான் யோசித்தேன்.

யோசித்துச் சொன்னதுதான் அந்த விதி. மந்திரவாதியின் வேலை பட்டாசு வேலை. முன்கூட்டியே உட்கார்ந்து செய்து, காயவைத்து, கட்டிவைக்க வேண்டும். ஒரு தடவை பற்றவைத்தால் முடிந்தது. ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பூசாரி முன்கூட்டி எதையும் செய்து வைக்க மாட்டாள். தேவை வரும்போது நேர்ந்துகொண்டு கேட்பாள். அம்மன் கொடுக்கிறாளா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கொடுத்துவிட்டால், நேர்ந்ததைச் செய்து முடிக்கிற வரைக்கும் மறுபடி வாய் திறந்து கேட்கக் கூடாது. கொடுக்கவில்லை என்றால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். முன்னால் உழைக்கிறவன் மந்திரவாதி, பின்னால் கடன் தீர்க்கிறவள் பூசாரி. நான் சொல்லி முடித்ததும் நீ எழுந்து நின்று என் நெற்றியில் முத்தம் கொடுத்தாய். "இத யாருமே யோசிக்கலம்மா" என்றாய். உன்னைப் பெற்றதிலிருந்து நீ என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டது அன்றைக்குத்தான். அதை நான் எவ்வளவு நாள் மனசுக்குள் வைத்துக் கொண்டாடினேன் என்று உனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. நினைத்துப் பார். அப்பாவின் வீரன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, அவனை மீட்டால் மௌன விரதம் இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நீ பழைய காலண்டர் அட்டையை மடித்து உன் முன்னால் நிறுத்தியிருப்பாயே, அதற்குப் பின்னால் பகடையை உருட்டி, "குடுத்துட்டா!" என்று கத்தினாய். மறுநாள் ஆட்டம் முழுக்க நான் பேசவில்லை. குகைக்குள் பாம்பு கிடப்பதை நான் மட்டும் பார்க்கிறேன், வாய் திறந்தால் விரதம் போகும். கையைக் காட்டுகிறேன், கண்ணை உருட்டுகிறேன், அப்பாவோ, "என்ன புள்ள, பாத்ரூம் போகணுமா?" என்கிறார். நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாய். நானும் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அட்டைக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தினசரி காலண்டரில் அஷ்டமி நவமியாக மாறியிருந்தால் ஓரக்கண்ணிலேயே பிடித்துவிடுகிற எனக்கு, என் பிள்ளையின் கையைப் புரூப் பார்க்கத் தோன்றவில்லை.

கம்பெனிகளைத் திறந்துவிட்டார்கள், கோயில்களைத் திறக்கவில்லை. அந்த இடைப்பட்ட நாளில்தான் அப்பாவுக்கு அது நடந்தது. மேடையில் காயவைத்த சரக்கை அள்ளும்போது உராய்ந்து தீப்பற்றி, இடது கையும் நெஞ்சும் வெந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். மதுரைக்குக் கொண்டு போகலாமா, இங்கேயே வைத்துப் பார்க்கலாமா என்பது கேள்வி. "வழியிலேயே எதுவும் ஆயிருச்சுன்னா?" என்று உன் பெரியப்பா. "இங்கனயே வச்சிருந்து எதுவும் ஆயிருச்சுன்னா?" என்று என் தம்பி. எல்லாரும் பேசிவிட்டுக் கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். நம் வீட்டில் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வோம்? கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். உன் அக்காவின் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. ஆனால் அன்றைக்கு எந்தக் கோயில் கதவும் திறந்திருக்கவில்லை.

அப்போதுதான் உன்னிடம், "ஒன் பகடைய எடுலே" என்றேன். நீ திகைத்துப் போய்ப் பார்த்தாய். நான் விளையாடவில்லை, ஐயா. கண்ணை மூடி, மாரியம்மனை நினைத்து, பதினைந்துக்கு மேல் விழுந்தால் மதுரை, குறைந்தால் இங்கேயே என்று சொன்னேன். அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நீ ஆஸ்பத்திரிப் படியில் குனிந்து, கையைக் குவித்து மறைத்து உருட்டினாய். "பதினெட்டும்மா" என்றாய். நான் உன் பெரியப்பாவைப் பார்த்து, "வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க மச்சான்" என்றேன். என் குரலில் நடுக்கமே இல்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நானே பிறகு அதிசயப்பட்டிருக்கிறேன்.

அப்பா பிழைத்து வந்தார். விரல் இரண்டு மடங்காது, அவ்வளவுதான். கோயில் திறந்தபின் வந்த பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போய் அக்கினிச்சட்டி எடுத்தேன். உனக்கு நினைவிருக்கிறதா? வேப்பிலை வைத்துப் பிடித்தும் சூடு உள்ளங்கையில் இறங்கியது. நீ குடத்தோடு பக்கத்திலேயே நடந்து, நான் கால் வைக்கிற ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாய். "சூடு தாங்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கேட்டேன், கொடுத்தாள், தீர்க்கிறேன், பக்கத்தில் என் மகன் நடந்து வருகிறான். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது சென்னையில் நடந்ததற்கு வருகிறேன். நம் வீட்டு ஆட்டத்தை நீ புதிதாக எழுதி, அதை உன் கம்பெனிக்காரர்கள் பெட்டி போட்டு விற்கப் போகிறார்கள், வெளியீட்டு விழாவுக்கு வா என்று அழைத்தாய். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "நீங்க முதல்ல இணையத்துல இலவசமா போட்டிருந்ததுல பூசாரிக்கு நேர்த்திக்கடன் விதி இருந்துச்சே, அதுதான் எங்களுக்குப் பிடிச்சது, ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று. எடுத்துவிட்டாய் என்பதே அப்போதுதான் தெரியும் என்றாலும். நீ மைக்கைப் பிடித்துச் சிரித்தாய். அது உன் அம்மா சொன்ன விதி என்றாய். அதை வருஷக்கணக்கில் ஆடிப் பார்த்தும் மந்திரவாதிக்கும் பூசாரிக்கும் சமநிலை வரவில்லை என்றாய். "நெசமா உருட்டுனா பூசாரி பாதி நேரம் வெறுங்கையோட நிப்பாங்க. அம்மா முகம் வாடிரும்னு நான்தான் அட்டைக்குப் பின்னாடி நம்பர மாத்தி மாத்திச் சொல்லுவேன்" என்றாய். சபை முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. உன் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்த விதத்திலேயே அவருக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்துபோயிற்று. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரிப் படியில விழுந்ததும் அப்படித்தானா?" நீ ரோட்டைப் பார்த்தே ஓட்டினாய். "நாலு விழுந்துச்சும்மா" என்றாய். "மதுரைக்குக் கொண்டு போறதுதான் நல்லதுன்னு டாக்டரு எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டாரு. நீ கேக்க மாட்டியோன்னு பயந்துட்டேன்" என்றாய்.

நாலு.

நீ செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வழியில்லை, அதுதான் என்னை அதிகம் எரிக்கிறது. அப்பா உயிரோடு இருக்கிறார். பக்கத்து அறையில் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறார். நீ நாலு என்று சொல்லியிருந்தால் நான் இங்கேயே வைத்திருப்பேன், என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் "டாக்டரு மதுரைக்குத்தான் போகச் சொல்றாரும்மா, போவோம்" என்று என்னிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா? உன் அம்மா அவ்வளவு மூடமா? உன் முடிவுக்கு அம்மன் பெயரைப் போட்டு என் தலையில் கட்டினாய். பூக்கட்டிப் பார்க்க வந்தவளிடம் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கொடுத்தாய். நம் ஊரில் குடிகாரன்கூட அதைச் செய்ய மாட்டான். பிறகு நான் சட்டியை ஏந்திக்கொண்டு தீயும் புகையுமாக நடந்தபோது, அவள் கொடுக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டே பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாய். அந்த இடம்தான் எனக்கு ஆறவில்லை. கொடுக்காத வரத்துக்கு நான் கடன் தீர்த்திருக்கிறேன், என் மகன் கூடவே நடந்து வேடிக்கை பார்த்திருக்கிறான்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிலும் என்னை ஏமாற்றினாய். என் விதியை ஆடிப் பார்த்தோம், சரிப்படவில்லை என்று மேடையில் சொன்னாயே, எங்கே ஆடினோம்? ஒரு நாளாவது ஆடினோமா? நீ நடத்தியது, அம்மன் இல்லையென்றே சொல்லாத ஆட்டம். அவள் எப்போதும் கொடுத்தாள், அதனால் நான் எப்போதும் கேட்டேன். ஒரு தடவை வெறுங்கையோடு நின்றிருந்தால் அடுத்த தடவை யோசித்திருப்பேன். அப்பாவின் வீரனை முன்னால் ஓடவிடாமல் பிடித்திருப்பேன். உன் மந்திரவாதியிடம் போய், "ஒரு மந்திரத்த மிச்சம் வையிலே, எனக்கு அவ குடுப்பாளோ மாட்டாளோ" என்று கெஞ்சியிருப்பேன். சமநிலை அங்கேதான் ஐயா இருக்கிறது. தெரிந்தவனும் தெரியாதவளும் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கிற இடத்தில். அதை நடக்கவே விடாமல், நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னாய். இப்போது உன் பெட்டியில் இரண்டு பேருக்கும் நாளுக்கு இத்தனை என்று அச்சடித்திருக்கிறாய். தராசு நேராக நிற்கிறதாம். இரண்டு தட்டிலும் ஒரே சாமானை வைத்தால் நிற்காமல் என்ன செய்யும்? உன் பெட்டிக்குள் இருப்பவள் பூசாரி இல்லை, மஞ்சள் சேலை கட்டிய மந்திரவாதி.

என் முகம் வாடிவிடும் என்று பயந்தாயாம். வாடட்டுமே. உன்னைப் பெற்று வளர்த்ததில் எத்தனை தடவை வாடிய முகம் இது, ஒரு பகடைக்குத் தாங்காதா? என்னைத் தோற்க விடாமல் காப்பாற்றினாய் என்று நினைக்கிறாய். நான் ஜெயித்ததையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டாய். வெள்ளத்திலிருந்து அப்பாவை மீட்டது நானா நீயா? என் மௌனத்துக்கு அர்த்தம் இருந்ததா இல்லையா? இனி எதை நினைத்தாலும் அந்த அட்டைக்குப் பின்னால் உன் முகம்தான் தெரிகிறது. சிரித்த சிரிப்பைக்கூட நம்ப முடியாமல் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் பிள்ளைக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவளிடம் எண்ணை மாற்றிச் சொல்லாதே. அவளுக்கு நல்லது என்றுதான் உனக்குத் தோன்றும். நீ கெட்டவன் இல்லை, கெட்டது நினைத்துச் செய்ய மாட்டாய். வேலை போய்விட்டால் போய்விட்டது என்று சொல். அவள் சமைத்தது வாயில் வைக்க வழியில்லை என்றால் அதையும் சொல், இரண்டு நாள் பேசமாட்டாள், பிறகு பேசுவாள். உண்மையைக் கேட்டு வாடின முகம் தானாகத் தெளியும். பொய்யைக் கேட்டு மலர்ந்த முகத்துக்கு என்றாவது ஒரு நாள் கார் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அது எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன்.

சரி. நீ கேட்ட ஆட்டத்துக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள் என்று ஊர் பேச வேண்டாம். அதற்காக இல்லை, எனக்கே ஆடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நான் பூசாரியாக உட்கார மாட்டேன். கதையை அவள் நடத்தட்டும், அவளுக்கு அது உன்னைவிட நன்றாக வரும் என்று நினைக்கிறேன். அப்பா அவர் வீரனையே வைத்துக்கொள்ளட்டும். மந்திரவாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ பூசாரி, என் பழைய விதிப்படி. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, பகடையை நடுவில் போட்டு உருட்ட வேண்டும்.

நான் வேண்டுமென்றே முன்னால் போய் அடிபட்டு விழுவேன். நீ நேர்ந்துகொண்டு கேள். என்ன விழுகிறதோ விழட்டும். கொடுத்தாள் என்றால் எழுந்து உன்னைக் கட்டிக்கொள்கிறேன். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அம்மா